தாத்தாவின் சைக்கிளைக் கழற்றலாமா?

சென்ற மாதம் அக்காவின் மகன் சென்னையிலிருந்து திருத்தணிக்கு வந்திருந்தான். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கும் என் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு, "மாமா, இதோட ஃபிரேமை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. ஃபிக்ஸட் கியர் பண்ணப் போறேன்" என்றான். முடியாது என்றேன். ஏன் முடியாது என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடிய சில நாட்களில் தோன்றியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஃபிக்ஸட் கியர் என்றால் என்னவென்று தெரியாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நம் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும். பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல் அதற்கு இடம் தருகிறது. அதை எடுத்துவிட்டு, ஹப்போடு அசையாமல் பூட்டிய பல்சக்கரத்தைப் போட்டால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வில்லை. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி இப்படித்தான் இயங்குகிறது. திருவிழா மைதானத்தில் சைக்கிளைப் பின்னோக்கி ஓட்டிக்காட்டும் சாகசக்காரரின் வண்டியும் இப்படித்தான் இருந்தாக வேண்டும். ஃப்ரீவீல் போட்ட வண்டியைப் பின்னோக்கி மிதிக்க முடியாது. ஆகவே இது புதுமை அல்ல, சைக்கிளின் ஆதி வடிவங்களில் ஒன்று. கியர் மாற்றும் கருவியை டூர் டி ஃபிரான்ஸ் போட்டியாளர்களுக்கு 1937இல்தான் அனுமதித்தார்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் ஆண்கள் வழக்கமாக ஓடும் போட்டிகளுக்கு இன்றும் எஃகுச் சட்டகமே விதி.

இவ்வண்டியைக் கட்ட விரும்பும் இளைஞர்கள் முதலில் தேடுவது சட்டகத்தைத்தான். தேடுகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் தேடுவது குழாயில் ஒட்டிய சீட்டை என்பது என் எண்ணம். ரெனால்ட்ஸ் 531 என்ற சீட்டு இருந்தால் கண்கள் விரிகின்றன. அந்தக் குழாயின் பெருமையை நான் மறுக்கவில்லை. நடுவில் மெலிந்தும் முனைகளில் தடித்தும் இருக்கும் குழாய்க்கு ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றது. 1935இல் வந்த 531 பல பத்தாண்டுகள் பந்தயச் சாலைகளை ஆண்டது. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். அளவும் தடிமனும் ஒன்றாக இருந்தால் உயர்ந்த எஃகும் சாதாரண எஃகும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளைந்துகொடுக்கும். உயர்ந்த எஃகுக்கு வலிமை அதிகம். அதனால் குழாயை மெல்லியதாக இழுத்து எடையைக் குறைக்கலாம். சீட்டுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவே. எடையைக் குறைக்க வேண்டிய தேவை பந்தயக்காரனுக்கு உண்டு. அரக்கோணம் சாலையில் காலையில் பத்து மைல் போய்வருகிறவனுக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

நம் சட்டகங்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை 1949இல் தொடங்கின. ஆலை அம்பத்தூரில் எழுந்தது. சைக்கிளுக்கான குழாயை உருவாக்க 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. ஆங்கிலேய நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை இன்றும் இருக்கிறது. திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்ரயிலில் போகிறவர்கள் அரக்கோணம், திருவள்ளூர் தாண்டி ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்துதான் போகிறார்கள். குழாய் ஒரு நிலையத்தில், சட்டகம் அடுத்து வரும் இன்னொரு நிலையத்தில், அதை மிதித்தவர்கள் அதே தண்டவாளத்தின் இந்த முனையில். பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்கள் நம் ஊர்ப் பெயர்களாகிப் போனது இவ்வழியாகத்தான். இத்தாலியச் சட்டகத்தின் வரலாற்றை ஒப்பிக்கும் பிள்ளைகள், தாங்கள் தினமும் ரயிலில் கடக்கும் வரலாற்றை அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

அதற்காக நம் சைக்கிளின் சட்டகம் பந்தயச் சட்டகத்துக்கு நிகர் என்று சாதிக்க மாட்டேன். அது வேறு வேலைக்காகப் பிறந்தது. பின்னால் நூல் மூட்டை, முன்னால் பாரில் ஒரு குழந்தை, நடுவில் மிதிப்பவர் என்று குண்டும் குழியுமான சாலையில் போவதற்காக வார்த்த உடல் அது. குழாய் தடித்தது. முன்ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும். அதனால் கைப்பிடி நிதானமாகத் திரும்பும், பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி நேராகப் போகும். பந்தயச் சட்டகமோ நிமிர்ந்து நிற்கும், தொட்டால் திரும்பும். வேகமும் துடிப்பும் வேண்டுமென்றால் நம் சட்டகம் ஏமாற்றும். நிதானமும் நீண்ட உழைப்பும் போதுமென்றால் ஏமாற்றாது. இதை முதலில் முடிவுசெய்துகொண்டு சட்டகம் தேடுவது நல்லது.

நம் சட்டகத்தில் தற்செயலாக அமைந்த ஒரு வசதியும் உண்டு. ஃபிக்ஸட் கியரில் செயினின் தொய்வை எடுக்கப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்த இடம் வேண்டும். இன்றைய கியர் சைக்கிள்களில் அச்சு அமரும் வாய் செங்குத்தாக இருப்பதால் அது நடக்காது. நம் பழைய சைக்கிள்களில் அந்த வாய் கிடைமட்டமாகப் பின்னோக்கித் திறந்திருக்கும், செயின் அட்ஜஸ்டரோடு. ஓட்டப் பாதை சைக்கிளிலும் இதே அமைப்புத்தான். பின்சக்கரம் அமரும் அகலம் சற்றுக் குறைவாக இருந்தாலும் எஃகைக் கவனமாக விரித்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் அந்தத் துணிச்சல் கூடாது.

தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை என்று எங்களூர் சைக்கிள் கடைப் பெரியவர் சொன்னவற்றோடு நான் படித்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசுகிறவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. பேச்சு இன்னும் இரண்டு பக்கமும்தான் இருக்கிறது.

முதலில் நூல் சோதனை. நெசவு நடக்கும் வட்டாரம் ஆதலால் நூலுக்குப் பஞ்சமில்லை. பின்சக்கர வாய் ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் கைப்பிடிக் குழாயைச் சுற்றிக்கொண்டுவந்து, மறுபக்க வாயில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டகத்தில் பெண்டு இருக்கிறது. இரண்டாவது, கைப்பிடிக் குழாய்க்குச் சற்றுப் பின்னே, பாரின் அடிப்புறத்தையும் கீழ்க்குழாயின் அடிப்புறத்தையும் விரலால் தடவிப் பார்ப்பது. சிறு மடிப்போ பெயிண்டில் வரிவரியான வெடிப்போ தட்டுப்பட்டால் அந்த வண்டி எதன்மீதோ மோதியிருக்கிறது, அதை விட்டுவிடலாம். மூன்றாவது துரு. வெளியில் தெரியும் துரு பெரிய குற்றமில்லை. சீட்டுக் கம்பியை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பி உருவ வராவிட்டால் அதுவே ஒரு பதில். நான்காவது, கிராங்க் அச்சு ஓடும் கூட்டின் மரை. உலகம் முழுதும் பி.எஸ்.ஏ. என்ற பெயரில் வழங்கும் அளவில் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காமின் ராலே 26 வைத்திருந்தது. அளக்காமல் புது அச்சு வாங்கினால் காசு போகும்.

ஐந்தாவதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்ஃபோர்க்கின் தலையில் பிரேக் மாட்ட ஒரு துளை இருக்கிறதா, பிரேக்கின் கை ரிம்மை எட்டுமா என்பது அது. நம் கம்பி பிரேக் ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பது. புது ரிம் போட்டால் அது பயன்படாது. அந்த நிலையில் பல பிள்ளைகள் பிரேக்கே வேண்டாம், காலாலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறார்கள். என் மருமகனும் அப்படித்தான் சொன்னான். மலையிலிருந்து இறங்கும் சாலையில் ஒருநாள் அதிகாலை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் கால் நிமிடத்துக்கு 122 தடவை சுற்ற வேண்டும். 50 கிலோமீட்டரில் 153 தடவை. இறக்கத்தில் வேகம் தானாக ஏறும். கால் பின்தங்கினால் பெடல் காலை அடிக்கும். செயின் அறுந்தால் பிரேக் என்று எதுவுமே மிச்சமில்லை. பழைய ஃப்ரீவீல் ஹப்பிலேயே பல்சக்கரத்தை முறுக்கிவிட்டால் இன்னும் மோசம். எதிர்த்து மிதிக்கும்போது அது கழன்று வரும். எதிர்மரையில் பூட்டும் வளையம் கொண்ட தனி ஹப் அதற்காகத்தான். இன்னொன்று: கனமான டயரை எடுத்துவிட்டு ஒல்லியான 700 சக்கரம் போட்டால் வண்டி இரண்டு சென்டிமீட்டர் தாழ்கிறது. வளைவில் மிதிப்பதை நிறுத்த முடியாத வண்டியில், உட்புறப் பெடல் தரையில் இடிக்க அந்த இரண்டு சென்டிமீட்டர் போதும். மலைக்கு 365 படிகள் இருக்கின்றன. பக்தர்கள் ஆண்டின் நாளுக்கு ஒன்றாக எண்ணி ஏறுகிறார்கள். பிரேக் இல்லாத வண்டியோடு இறங்க ஆசைப்படுகிறவன் அந்தப் படிகளில் நடந்தே இறங்கலாம். முன்பிரேக் துளையில்லாத ஃபோர்க்கை, சட்டகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் சைக்கிளை ஏன் தர மறுத்தேன்? பாசம் என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போயிருக்கிறார். துண்டு உரசி அந்த இடத்தில் பெயிண்ட் போய்விட்டது. ஆனால் மருமகன் கேட்டது நியாயமான கேள்வி: "சும்மா நின்னு துரு பிடிக்கிறதுக்கு ஓடினா நல்லதுதானே மாமா?" பாதுகாக்கிறோம் என்ற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் மறந்துபோவதுதான். அந்த வண்டியின் டயரில் காற்றடித்தே வருடங்களாகின்றன. இந்தக் குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முழுமையாக நிற்கும் வண்டி வேறு, அநாதையான சட்டகம் வேறு. கம்பி பிரேக், செயின் உறை, மட்கார்டு, ஸ்டாண்டு, டைனமோ என்று எல்லாம் சேர்ந்து நிற்கும் வண்டி ஒருமுறை கழன்றால் திரும்பச் சேராது. சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ் நிறுவனம் தன் கடைசி ஆலையை 2020 ஜூன் 3 அன்று மூடியது. உலக சைக்கிள் தினம் அன்று. பழைய சைக்கிள்களின் உலகம் அவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது. அதே சமயம் ஒவ்வொரு சைக்கிள் கடையின் பின்புறத்திலும் சக்கரமும் சீட்டும் இழந்த சட்டகங்கள் எடைக்குப் போகக் காத்துக் கிடக்கின்றன. ஃபிக்ஸட் கியருக்கு வேண்டியது சட்டகமும் ஃபோர்க்கும்தான். காத்துக் கிடப்பதை எடுத்தால் ஒன்று பிழைக்கும். முழுமையானதை எடுத்தால் ஒன்று அழிந்து, ஏற்கெனவே கிடப்பதும் உருக்காலைக்குப் போகும்.

பெரியவரின் கடைக்குப் பின்னால் மூன்று சட்டகங்களைப் பார்த்தோம். முதலாவது நூலில் தேறவில்லை. இரண்டாவது எல்லாவற்றிலும் தேறியது, ஃபோர்க்கில் துளை இல்லை. மருமகனுக்கு அதன்மேல்தான் ஆசை. அதன் லக் வேலைப்பாடு உண்மையிலேயே அழகு. மூன்றாவதில் பெயரும் இல்லை, பெயிண்டும் இல்லை. பெரியவர் அதைத் தரையில் ஒருமுறை தட்டி ஓசை கேட்டு, "தம்பி, இது போதும்" என்றார். அதைத்தான் வாங்கினோம்.

கட்டி முடிக்க இன்னும் சில வாரம் ஆகுமாம். இதற்கிடையில் அப்பாவின் வண்டிக்கு இரண்டு டயர் மாற்றி, கோட்டம் எடுத்து, எண்ணெய் விட்டுத் தந்தார் பெரியவர். பால் வாங்க இப்போது அதில்தான் போகிறேன். அந்த அளவில் மருமகனின் கேள்வி வென்றது என்றே சொல்ல வேண்டும்.