நம்ம புள்ள என்ன எலியா?

கடைக்குட்டி பிறந்த இருபதாம் நாள், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி, "ஆராய்ச்சிக்கும்மா, கையெழுத்துப் போடு" என்றார்கள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "நம்ம புள்ள என்ன எலியா?" என்று மாமியார் தடுக்க, நானும் மறுத்துவிட்டேன்.

ஒன்றரை மாதத்தில் அதே பிள்ளைக்கு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டார்கள். அதைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். நம் நாட்டிலேயே தயாரான ரோட்டாவேக் மருந்தை டெல்லி, புனே, வேலூரில் 6,799 கைக்குழந்தைகளிடம் ஆராய்ந்த பிறகே, 2016-ல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்களாம். அந்தத் தாய்மார்கள் எல்லாரும் என்னைப் போலவே எழுந்து போயிருந்தால்?

டாக்டர்களே, கையெழுத்துக்கு முன் பத்து நிமிஷம் புரியும்படி பேசுங்கள். தோழியரே, நாமும் பயந்து ஓடாமல் கேள்வி கேட்போம். சரியோ, வேண்டாமோ, புரிந்துகொண்டு சொல்வோமே!

- ஓர் இல்லத்தரசி, குடியாத்தம்.