ஆள் பாதி, ஆடை பாதி - அந்தப் பாதி யாருடையது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் வகுப்பு நண்பர்கள், "வேலையில்லாத் திண்டாட்டம் பத்தி எழுதுல, சுற்றுச்சூழல் பத்தி எழுதுல" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் எழுதப் போவது பேன்ட் சட்டையைப் பற்றி. சிரிக்காதீர்கள்! 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அந்த ஆடைப் பாதியை நாம் யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பதுதான் என் கேள்வி. கடையைக் கேட்கவில்லை. சினிமாவிடமிருந்தா, பாட்டுக்காரரிடமிருந்தா, மாமாவிடமிருந்தா, அல்லது தெருமுனையில் நிற்கும் கூட்டத்திடமிருந்தா?

மாமாவின் டிரங்குப் பெட்டி

என் சொந்த ஊர் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். 2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்து விட்டது. என் அப்பா அந்தக் கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாக லாரியில் ஏற்றும் சுமைதூக்கும் தொழிலாளி. அம்மா ஓலைப்பெட்டி முடைவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

போன தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அப்போது பரணிலிருந்து மாமாவின் டிரங்குப் பெட்டி இறங்கியது. மாமா இளவயதில் பம்பாயில் வேலை பார்த்தவர். பெட்டிக்குள் பாச்சா உருண்டை வாசத்தோடு ஒரு பெல்பாட்டம் பேன்ட்! கூடவே நீளக் காலர் வைத்த பூப்போட்ட சட்டை. 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' படம் பார்த்துவிட்டு, அதில் கமல் போட்டது மாதிரியே வேண்டும் என்று ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துத் தைத்தாராம்.

"இதப் போட்டுட்டு ஊருக்கு வந்தப்ப ஒங்க தாத்தா என்ன சொன்னாரு தெரியுமா மருமவனே? 'தெருவக் கூட்டவா பம்பாய் போனே?'ன்னு கேட்டாரு!" என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதை எடுத்துக்கொண்டு பஜாரில் உள்ள வயதான டெய்லரிடம் போனேன். கீழே விரிந்திருப்பதை வெட்டி, இப்போதைய மாதிரி ஒடுக்கித் தரச் சொன்னேன். அவர் துணியைப் புரட்டிப் பார்த்தார். "வெட்டாத தம்பி. முட்டி வரைக்கும் ஒட்டி வந்து, முட்டிக்குக் கீழ எப்படி விரிஞ்சிருக்கு பாரு. இந்த வெட்டு இப்ப எத்தன பேருக்கு வரும்?" என்றார். இடுப்பை மட்டும் பிடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிப் பொங்கல் விழாவுக்கு வந்தேன். "ஏல, ரெட்ரோல!" என்று ஒரே கைதட்டல்! தாத்தா திட்டிய பேன்டுக்குப் பேரன் கைதட்டு வாங்கினான். 'சுப்ரமணியபுரம்' (2008), 'சார்பட்டா பரம்பரை' (2021) மாதிரிப் படங்கள் வந்த பிறகு பழைய காலர், பழைய கிருதா எல்லாம் நம் பையன்களுக்குப் புதுசாகி விட்டது. செலவும் இல்லை. பரண் இருக்கிறது, டெய்லர் இருக்கிறார். கடனுக்கு ஷூ வாங்கி, அதை அடைக்க அப்பா இன்னும் எத்தனை சிப்பம் தூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், டிரங்குப் பெட்டியே மேல் அல்லவா?

கவுன்டரில் கற்ற பாடம்

இந்த உடுப்பு விஷயம் வெறும் ஷோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் டிப்ளமோ சேரும் முன் ஒரு சான்றிதழுக்காக அப்பாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அப்பா வேலைக்குப் போகிற சாரம், தோளில் துண்டோடு வந்திருந்தார். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "ஓரமா நில்லுப்பா. நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் மாமாவின் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையைக் கடன் வாங்கி, பையில் என் பேனாவைச் செருகிக்கொண்டு அப்பா வந்தார். அதே கவுன்டர், அதே ஆள், அதே பேப்பர். "வாங்க சார், உக்காருங்க. என்ன விஷயம்?" என்றார். கட்சிக்காரர் என்று நினைத்து விட்டாரோ என்னவோ! வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் நின்றது என் அப்பா. அன்றைக்கு உட்கார்ந்தது மாமாவின் சட்டை.

அதனால்தான் சொல்கிறேன், 'ஏழைப் பையனுக்கு எதுக்கு ஸ்டைல்?' என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த மண்ணில் உடுப்புக்காகவே ஜனங்கள் போராடியிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே பெண்கள் மேலாடை அணியும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் அடிபட்ட பிறகு, 1859-ல்தான் அரசு இறங்கி வந்தது. காந்தியடிகள் 1921-ல் மதுரையில் ஏழைகளைப் பார்த்து மேல்சட்டையைக் கழற்றினார். அண்ணல் அம்பேத்கரோ கோட்டும் டையும் போட்டு நிமிர்ந்து நின்றார். இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. கழற்றுவதற்கு ஒரு சட்டை இருந்தவர் கழற்றினார். போடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் தலைவர் போட்டுக் காட்டினார்.

பாட்டுக்காரர்கள் போட்ட பாதை

சினிமாவையும் சங்கீதத்தையும் பார்த்து உடுத்துவது இன்றைய இன்ஸ்டாகிராம் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். ஐயா, பெரியவர்களே! உங்கள் தாத்தாமார் 'பாகவதர் கிராப்பு' வைத்து அலைந்தார்களே, மறந்து போயிற்றா? 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்ட காலத்தில், எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டைப் பாட முடியாதவர்கள் முடியையாவது வளர்த்துக் கொண்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கட்டிய நீலப் பட்டுக்கு 'எம்.எஸ். புளூ' என்றே பெயர் வந்தது. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்த பின் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைத்தெருவே மாறியது. என் சித்தி அந்தக் கம்மலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இவர்களில் என் மனதை அதிகம் தொட்டவர் நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அந்தக் காலத்தில் நாகஸ்வரம் வாசிப்பவர் குடுமியோடு, வெற்று மார்போடு இருக்க வேண்டும் என்பது வழக்கம். அவர் கிராப்பு வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். தோடி ராகத்தால் ஊரைக் கட்டிப் போட்ட மனிதர், "என்னையும் மரியாதையாகப் பார்" என்பதை உடுப்பாலும் சொன்னார். 2018-ல் சென்னை மேடையில் ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவினர், கானா பாடுகிற பிள்ளைகள், கோட் சூட் போட்டு நின்றபோதும் அதே வார்த்தைதான் எனக்குக் கேட்டது.

இன்னொருவர் நம்ம தூத்துக்குடிக்காரர், ஜே.பி. சந்திரபாபு! 1927-ல் தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சென்னை வந்து சினிமாவில் பெயர் எடுத்தவர். மேற்கத்திய நடனம், மேற்கத்திய உடுப்பு, 'யோடலிங்' என்ற மேல்நாட்டுக் குரல் வித்தை எல்லாம் வெளியிலிருந்து எடுத்ததுதான். ஆனால் அவரைப் பார்த்து யாராவது 'வெள்ளைக்காரனைக் காப்பி அடித்தார்' என்பார்களா? 'சகோதரி' (1959) படத்தில் பால்காரனாக வந்து சென்னைத் தமிழில் சிரிக்க வைத்தவரும் அவரேதான். எடுத்தது வெளியிலிருந்து, ஆகியது சந்திரபாபுவாக.

இது நம் கடலின் பாடம் அல்லவா? 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். அதன் முறை என்ன? ஒரு சிறு மணியைச் சிப்பிக்குள் வைக்கிறார்கள். சிப்பி தன் உடம்பிலிருந்து ஊறும் பூச்சை அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசுகிறது. மணி வெளியே இருந்து வந்தது. பூச்சு சிப்பியினுடையது. பூச்சு இல்லாவிட்டால் அது வெறும் மணி!

குலசைக் காப்பு

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசரா வந்தால் காளி, குறத்தி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று ஊரே வேஷம் கட்டும். நானும் ஒரு வருஷம் குறவன் வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கியிருக்கிறேன். வேஷம் கட்டுகிறவர் விரதம் இருக்கிறார், கையில் காப்புக் கட்டுகிறார். கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்ததும் காப்பைக் களைந்து விடுகிறார். மறுநாள் காளி மீன் வாங்கப் போவார், போலீஸ் பஸ்சுக்கு நிற்பார். வேஷத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. அதனால் அது அழகு.

ஆனால் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில், பஸ்களில் வேறொரு கயிறு இருக்கிறதே! கலர் கலராக மணிக்கட்டில் கட்டுகிறார்களே, அதற்கு முடிவு நாள் உண்டா?

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் என் கையிலும் ஒரு கயிறு ஏறியது. பெரியப்பா மகன் கட்டி விட்டான். "இது நம்ம ஸ்டைல்ல" என்றான். என்ன கலர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நான் எந்தத் தெரு என்று நீங்கள் கண்டுபிடித்து விடுவீர்கள். அந்தக் கயிற்றின் வேலையே அதுதானே! அதைக் கட்டிய பிறகு நான் பஸ்சில் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன், கலர் வேறு என்பதால் வேறு பெஞ்சுக்குப் போனான். நானும் கூப்பிடவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கலர் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சட்டம் வரட்டும், நல்லது. ஆனால் என் கையிலிருந்து அதைக் கழற்றியது சட்டம் இல்லை.

லேத் சொன்ன நீதி

முதலாம் ஆண்டு ஒர்க் ஷாப் முதல் நாள். காக்கிச் சட்டையை டக்-இன் பண்ணச் சொன்னார்கள். மோதிரம், செயின், வாட்ச் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். ஒர்க் ஷாப் சார் என் பக்கம் வந்து, "தம்பி, கையில என்ன? கழத்து. சுத்துற சக்குல அந்த நூல் மாட்டுச்சுன்னா கயிறு அறாது, கைதான் போகும். மெஷினுக்கு நீ யாரு மவன்னு தெரியாது" என்றார்.

கழற்றிப் பையில் வைத்தேன். சாயங்காலம் பஸ் ஏறும் முன் திரும்பக் கட்டினேன். இப்படியே ஒரு செமஸ்டர் ஓடியது. ஒர்க் ஷாப்பில் எங்கள் பேட்ச் முழுக்க வெறுங்கை. யார் எந்தக் கலர் என்று தெரியாது. யாருடைய ஜாப் அளவு சரியாக வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். எனக்கு வெர்னியர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் கயிற்றைப் பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்தேன். வேறு கலர்! அவன் என் கையைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் அதைக் கட்டவில்லை. அவன் அடுத்த வாரம் வரை கட்டியிருந்தான். அப்புறம் அவன் கையிலும் இல்லை. பெரியப்பா மகன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, இப்போது பேசுகிறான்.

ஆகவே நண்பர்களே, சினிமாவைப் பார்த்து உடுத்துங்கள், தப்பே இல்லை! பாகவதர் கிராப்போ, பெல்பாட்டமோ, கோட்டோ, எது பிடிக்கிறதோ எடுங்கள். நம் உடம்புக்கும் வேலைக்கும் வீட்டுக் கஜானாவுக்கும் ஒத்து வருகிறதா என்று பாருங்கள். என் பெல்பாட்டம் விழாவுக்குத்தான், லேத்துக்கு ஆகாது. எதைப் போட்டாலும் நீங்கள் நினைத்தால் கழற்ற முடிய வேண்டும். கழற்றினால் அடி விழும், உறவு போகும் என்று பயந்து போடுவதற்குப் பெயர் ஸ்டைல் இல்லை, விலங்கு!

அடுத்த முறை ஆபீசுக்குப் போகும்போது அப்பாவுக்கு நானே ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுப்பேன். ஆனால் என் ஆசை அது மட்டும் இல்லை. சாரத்தோடு வந்தாலும் அவரை "வாங்க, உக்காருங்க" என்று சொல்கிற ஆள் ஒருநாள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். படித்து முடித்தால் அந்த ஆள் நீங்களாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.



- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை