தொடுவாய் ஒடுங்கினால் வெள்ளம் வடியாது

மன்னார்த் தீவிலுள்ள ஓலைத்தொடுவாய் என்ற ஊரின் பெயர், ஆவணங்களைப் பற்றிச் சிந்திப்போருக்கு இரண்டு நல்ல சொற்களைத் தருகிறது. ஓலை, நம் முன்னோர் எழுதிவைத்த பொருள். தொடுவாய், களப்பு நீர் கடலைச் சேரும் ஒடுங்கிய வழி. களப்பில் எவ்வளவு வெள்ளம் நின்றாலும், தொடுவாயின் அகலத்துக்கு ஏற்பவே அது வடியும். கணினியிலிருந்து வலையமைப்புச் சேமிப்பகத்துக்குக் கோப்புகள் நகர்வதும் இந்த விதிப்படியே.

இது கணினி வல்லுநர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விடயம் அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் போயின. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தவர்கள் பட்ட அலைச்சலை இப்பகுதி மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே படியாக இருப்பது அழியும் என்பதே அந்த ஆண்டுகள் கற்பித்த பாடம். 2005இல் இணையத்தில் தொடங்கிய ‘நூலகம்’ போன்ற முயற்சிகளின் அருமை இதனாலேயே புரிகிறது.

ஆயினும், ஒரு சங்கமோ ஆலயமோ பாடசாலையோ தன் பதிவேடுகளையெல்லாம் படம்பிடித்து ஒரே கணினியில் வைத்திருந்தால், பழைய ஆபத்து புது வடிவில் தொடர்கிறது என்றே பொருள். இரண்டாம் படி எடுக்க ஒரு முழு நாள் ஆகுமென்றால் அதை எவரும் நாளைக்கு ஒத்திப்போடுவர். நாளை, அடுத்த மாதமாகும். ஆகவே, வேகக்குறைவு வெறும் வசதிக்குறைவு அன்று. அது பாதுகாப்புக் குறைவு.

வேகம் போதாதென்றதும் புதிய சேமிப்பகம் வாங்க நிதி திரட்டுவது நம்மவர் வழக்கம். முதலில் தொடுவாய் எங்கே ஒடுங்குகிறதென்று பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் 11 மெகாபைட் அளவே நகரும். 500 ஜிகாபைட் சென்றடையப் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். ஜிகாபிட் இணைப்பில் 110 மெகாபைட் வரை கிடைத்தால் அதே வேலை ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். ஆகவே, வேகம் எப்போதும் 11 மெகாபைட்டிலேயே நிற்குமானால் சந்தேகம் கம்பியின் மீது விழ வேண்டும். ஜிகாபிட்டுக்குக் கம்பியின் எட்டு இழைகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். உப்புக்காற்று படும் கரையோரத்தில் செருகியின் ஒரு முனை துருப்பிடித்தாலே இணைப்பு கீழிறங்கிவிடலாம். பழைய சுவிட்சும் இதே தடையை உண்டாக்கும். வைஃபை வழியாக அனுப்புவோர், பெரிய படியெடுப்பின்போதாவது கம்பிக்கு மாறுவது நல்லது.

கம்பி சரியாக இருந்தும் வேகம் குறைந்தால், கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் திறத்தல், எழுதுதல், மூடுதல் என்று இரு கருவிகளும் பேசி முடிக்க நேரம் செல்கிறது. பல்லாயிரம் சிறு படங்களை ஒரே பொதியாகக் கட்டி அனுப்பினால் அந்தப் பேச்சு மிச்சமாகும். படக்கோப்புகள் முன்னரே சுருக்கப்பட்டவை; மீண்டும் சுருக்க முயல்வது வீண் வேலை. அடுத்த முறை மாறியவற்றை மட்டும் அனுப்ப, ஆண்ட்ரூ டிரிஜெலும் பால் மெக்கெராசும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள் உண்டு. முதல் முறை மணிக்கணக்கில் சென்ற வேலை, பிறகு சில நிமிடங்களில் முடியும்.

வேகத்துக்காகச் சரிபார்ப்பைக் கைவிடலாகாது. சென்ற படியைத் திறந்து பார்க்காதவரை அதைப் படி என்று நம்பக் கூடாது. அதே அறையிலுள்ள சேமிப்பகம் தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காப்பாற்றாது. இன்னொரு படி தீவுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய மரபு நம்முடையது. அன்று ஒரு சுவடியைப் பெயர்க்க மாதங்கள் ஆயின, ஆயினும் செய்தார்கள். ஒரு கம்பியை மாற்றினால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும் வேலையை நாம் ஒத்திப்போடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.