‘நாங்கள்’ என்று எழுதும்போது

மும்பைக் கலவரம் நடந்த 1992 டிசம்பர், 1993 ஜனவரி பற்றி இந்த இதழுக்கு எழுதித் தாருங்கள் என்று தாராவியில் வாழ்ந்தவர்களைக் கேட்டிருந்தோம். இன்று நவி மும்பையின் சான்பாடா பக்கம் குடிவந்துவிட்டவர்களும் எழுதினார்கள். வந்தவற்றில் பாதிக்கு மேல் ரத்த ஆறும் மரண ஓலமும்தான். எந்த ஊர்க் கலவரத்துக்கும் ஒட்டவைக்கக்கூடிய சொற்கள் இவை. தாராவியின் தொண்ணூறடிச் சாலைக்கென்று அவற்றில் ஒன்றுமில்லை.

அடுத்த தொல்லை, ‘கலவரத்தில் பலியானார்’. கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் மும்பையில் இறந்தவர்கள் 900 பேர் என்று கணக்கிட்டது. அதில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்கள் 356, கத்திக்குத்தில் இறந்தவர்கள் 347. அரசு அறிக்கையே குண்டு, கத்தி என்று பிரித்துச் சொல்லியிருக்கும்போது, தம்பியைப் பறிகொடுத்தவர் எழுதும் கட்டுரையில் கொன்றவரைக் காணோம். கலவரம் என்ன, தானாக வந்து குத்திவிட்டுப் போனதா?

சாட்சியம் எழுதுவது எப்படி என்பதற்கு முன்னோடிகள் உண்டு. வேதியியல் படித்த பிரீமோ லெவி 1944 பிப்ரவரியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கைதியாகப் போய்ச் சேர்ந்தார். 1947இல் வந்த அவருடைய முதல் நூலில் கூச்சல் கிடையாது. ரொட்டி, காலணி, கையில் பச்சைகுத்திய எண் என்று நிதானமாகப் போகும். சாட்சி அமைதியாகப் பேசினால்தான் நம்புவார்கள், தீர்ப்பு வாசகருடையது என்று பின்னாளில் அவரே விளக்கினார். அதற்காகக் கோபமே கூடாது என்று சொல்லவரவில்லை. ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பிய எலீ வீசல் 1956இல் புவனோஸ் ஐரிஸில் இத்திஷ் மொழியில் வெளியிட்ட நூலின் பெயர் ‘உலகம் மௌனமாக இருந்தது’ என்ற பொருளில் அமைந்தது. 1958இல் பிரெஞ்சில் வந்தபோது நூலும் சுருங்கியது, பெயரும் ‘இரவு’ என்றானது. உலகம் கொண்டாடியது இரண்டாவதை. எனக்குப் பிடித்தது முதல் தலைப்பு. வாய்மூடி இருந்தது யார் என்று அது சொல்லிவிடுகிறது.

ஈழப் போராட்ட இயக்கத்தில் இருந்த சி. புஷ்பராஜா 2003இல் தன் நூலுக்கு ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ என்று பெயர் வைத்தார். அந்த ‘எனது’ முக்கியம். இயக்கத்தின் வரலாறு என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. நான் பார்த்தது இது, மறுப்பவர் மறுக்கலாம் என்று வாசலைத் திறந்துவைத்தார்.

நமக்கு வந்த ஒரு கட்டுரையில் இதைவிட நுட்பமான ஒன்று நடக்கிறது. முதல் பக்கத்தில் ‘நாங்கள்’ என்றால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த எல்லாரும். தோல் மண்டிகளில் வேலை பார்த்த முஸ்லிம்களும் அதில் சேர்த்தி. பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 தாண்டியதும் அதே ‘நாங்கள்’ இந்துக்களாகச் சுருங்கிவிடுகிறது. அதுவரை சேர்ந்து குழாயடியில் வரிசை நின்ற பக்கத்து வீட்டு பாய், ‘அவர்கள்’ ஆகிவிடுகிறார். எழுதியவர் இதைத் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. அந்தச் சந்தில் அன்று என்ன உடைந்தது என்பதற்கு அவர் அடுக்கியிருக்கும் உரிச்சொற்களைவிட இது பெரிய ஆதாரம்.

‘நாங்கள்’ எல்லாவற்றையும் ஒரே பொருளில் வருமாறு திருத்திவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். மறுத்துவிட்டோம். கட்டுரை இந்த இதழில் உள்ளபடியே வருகிறது. ரத்த ஆற்றை மட்டும் எடுத்திருக்கிறோம், எழுதியவர் சம்மதத்தோடு.