மறதி எங்களுக்கு மட்டும் வியாதியா?

மகன் டிபன் பாக்ஸை வீட்டிலேயே விட்டுப் போனால், "பாவம், ஆபீஸ் டென்ஷன்." மருமகள் காஸ் புக் பண்ண மறந்தால், "அவளும் எத்தனையைத்தான் பார்ப்பாள்?" அறுபதைத் தாண்டியவர் மோட்டாரை நிறுத்த மறந்து மாடித் தொட்டி வழிந்துவிட்டால் மட்டும் வீடே கூடிப் பேசுகிறது: "அம்மாவை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டணும்."

ஏன் காட்டணும்? வழி தெரியாமல் தெருவில் நிற்பது, ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்டதையே திரும்பக் கேட்பது, இதெல்லாம் வேறு. அதற்கு டாக்டரிடம் போகத்தான் வேண்டும். செய்ய நினைத்த வேலை சமயத்தில் நினைவுக்கு வராமல் போவது எல்லா வயதிலும் உண்டு. 1990இல் ஐன்ஸ்டைன் (அந்த ஐன்ஸ்டைன் இல்லை), மெக்டேனியல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், குறிப்பிட்ட சொல் கண்ணில் பட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லிச் சோதித்தார்கள். அதில் முதியவர்கள் இளைஞர்களுக்குச் சளைக்கவில்லை. குறிப்பு எதுவும் இல்லாமல், மணியைத் தானே கவனித்துச் செய்ய வேண்டிய வேலையில்தான் வயது காலை வாருகிறது. அதுவும் ஆய்வுக்கூடத்தில். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போன் பண்ணு என்று வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தால், பல ஆய்வுகளில் கிழடுகளே முந்தியிருக்கின்றன. இந்தச் செய்தியை எந்த வாட்ஸ்ஆப் குழுவிலும் யாரும் அனுப்புவதில்லை!

எங்களுக்கு வாய்த்த வேலைகளைப் பாருங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். அதற்கப்புறம் அரை மணி, ஒரு மணி நேரம் காபி கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆக, காலை பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ ஒரு மாத்திரை. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? ஒன்றும் இல்லை. குக்கராவது விசில் அடித்துக் கூப்பிடும், பதினொரு மணி கூப்பிடுமா? சீட்டில் 1-0-1 என்று எழுதிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுகிறார். மருந்துக் கடைக்காரரோ பெயர் இருக்கிற பக்கமாகப் பார்த்து அட்டையைக் கத்தரித்துத் தருகிறார். போட்டோமா இல்லையா என்ற குழப்பம் இதைவிட மோசம். பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டால் தலைசுற்றி விழ வேண்டியதுதான். கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வாங்கிவந்து நிரப்பிக் கொடுத்தால் தீர்கிற விஷயம் இது. அதற்கு யாருக்கும் நேரம் இல்லை. "மறதி, மறதி" என்று சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது.

இனி, மோட்டார் விவகாரம். தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டுத்தான் எழுந்து போகிறோம். நினைவு சரியாகவே வேலை செய்கிறது. பாதி வழியில், "பாட்டி, சார்ஜர் எங்கே?" அதற்குள், "அம்மா, உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கா பாரு, சீக்கிரம்!" ஓடிபியைப் படித்துச் சொன்ன கையோடு மோட்டார் போயே போச்சு. அதே ஆய்வாளர்கள் 2000இல் இதையும் சோதித்தார்கள். நினைவுக்கு வந்ததை உடனே செய்ய விடாமல் சில விநாடி தள்ளிப்போட வைத்தாலே முதியவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அப்படியானால் தொட்டி வழிந்ததில் ஓடிபி கேட்டவருக்குப் பங்கில்லையா?

"மறக்காம செய்" என்பதைப்போல உதவாத வார்த்தை உலகத்தில் கிடையாது. முந்தானையில் முடிச்சுப் போட்ட அந்தக் காலத்துப் பெண்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஏதோ செய்யணும் என்று முடிச்சு சொல்லும், எதை என்று சொல்லாது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு புது வேலையைக் கோத்துவிட்டால்தான் பலன். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் சுகர் பார்ப்பேன் என்று முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைத் தவறவிடுவது குறைவு.

டாக்டர் ஐயா, 1-0-1 இருக்கட்டும்; எதற்கு அப்புறம் எந்த மாத்திரை என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களே, நாங்கள் சுவிட்சைத் தொடும்வரை உங்கள் கேள்வியைக் கொஞ்சம் வாயிலேயே வைத்திருங்கள்.