உரிமையை விற்பதா, வாடகைக்கு விடுவதா? பெயர் பெற்ற ராக் இசைக்குழுக்களின் முன் நிற்கும் கேள்வி

புதுதில்லி: நாடறிந்த ராக் இசைக்குழுவான ‘இந்தியன் ஓஷன்’, 2010 ஜூலையில் தனது புதிய இசைத்தொகுப்பின் முதல் பாடலை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. எஞ்சிய பாடல்கள் மாதத்துக்கு ஒன்றாக வந்தன. மொத்தம் ஏழு பாடல்கள். எதற்கும் கட்டணம் இல்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில், அதே தில்லியைச் சேர்ந்த ‘பிளட்டிவுட்’ என்னும் மெட்டல் இசைக்குழு தனது ‘நு டெல்லி’ தொகுப்பை அமெரிக்க நிறுவனமான ஃபியர்லெஸ் ரெகார்ட்ஸ் வழியாக வெளியிட்டது. அதற்கு முந்தைய தொகுப்பைச் சொந்தமாகவே வெளியிட்டிருந்த குழு அது.

ஒரு குழு நிறுவனப் பாதையிலிருந்து விலகியது. மற்றொரு குழு நிறுவனத்தை நாடிச் சென்றது. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் சரியான முடிவுகளாக இருக்க முடியுமா? முடியும் என்றே இத்துறையின் அனுபவம் காட்டுகிறது. ஏற்கெனவே பெயரும் ரசிகர்களும் பெற்றுவிட்ட ஒரு குழுவுக்கு, எந்த நிறுவனம் என்பதைக் காட்டிலும் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு செய்தியே முக்கியமானது. பதிவின் உரிமை யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டுகளுக்கு இருக்கும் என்பதே அது.

கரோல் பாக் வீட்டிலிருந்து...

சுஸ்மித் சென், அஷீம் சக்ரவர்த்தி ஆகியோரின் முயற்சியில் 1990இல் தில்லியில் உருவான குழு இந்தியன் ஓஷன். பின்னர் ராகுல் ராம், அமித் கிலாம் ஆகியோர் இணைந்தனர். இக்குழுவின் முதல் தொகுப்பை 1993இல் எச்எம்வி வெளியிட்டது. பெரும் புகழ் ஈட்டித்தந்த ‘கந்தீஸா’ 2000ஆம் ஆண்டில் டைம்ஸ் மியூசிக் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

அக்காலத்தில் நிறுவனத்தைத் தவிர்ப்பது எளிதன்று. ஒலிநாடாவையும் குறுந்தகட்டையும் அச்சிட்டு, நாடெங்கும் உள்ள கடைகளுக்கு அனுப்பி, விற்ற பணத்தை வசூலிக்கும் வலைப்பின்னல் நிறுவனங்களிடம் மட்டுமே இருந்தது. திரைப்பாடல்களே சந்தையை ஆண்ட நாட்டில், திரைக்கு வெளியே இசைத்த குழுக்களுக்குக் கடையின் அலமாரியில் இடம் கிடைப்பதே அரிது.

2010க்குள் நிலைமை மாறியிருந்தது. குறுந்தகடு விற்பனை சரிந்துவந்தது. இணையத்தில் அனுமதியின்றிப் பாடல்கள் பரவின. மறுபுறம், இந்தியன் ஓஷன் போன்ற குழுக்களின் வாழ்வாதாரம் மேடை நிகழ்ச்சிகளாகவே இருந்தது. பாடலை இலவசமாகக் கொடுத்தால் இழப்பது சிறு தொகை. பெறுவது மேடைக்கு முன் கூடும் கூட்டம். அந்தக் கணக்கில்தான் ‘16/330 கஜூர் ரோடு’ பிறந்தது. குழு பல ஆண்டுகள் பயிற்சி செய்துவந்த கரோல் பாக் வீட்டின் முகவரியே தொகுப்பின் பெயரானது.

முன்பணத்தின் கணக்கு

நிறுவனங்கள் தரும் முன்பணம் பரிசன்று, கடனன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. பாடல் ஈட்டாவிட்டால் பொதுவாகக் குழு அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஈட்டினால், அத்தொகை குழுவின் பங்கிலிருந்து கழிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு குழு 20 லட்சம் ரூபாய் முன்பணம் பெறுகிறது. வருவாயில் அதன் பங்கு 20 சதவீதம். பதிவின் வழியாக நிறுவனம் ஒரு கோடி ரூபாய் ஈட்டிய பிறகே அந்த 20 லட்சம் ஈடாகும். அதற்கு மேல் வரும் பணத்தில்தான் குழுவுக்குப் புதிதாக ராயல்டி கிடைக்கும். அதே குழு தானாகவே வெளியிட்டு, வருவாயில் 80 சதவீதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், 25 லட்சம் ரூபாய் வருவாயிலேயே 20 லட்சம் கையில் சேரும்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் மறைந்திருக்கிறது. இரண்டாவது வழியில் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, ஒலிக்கலவை, காணொளி, விளம்பரம் ஆகிய அனைத்தும் குழுவின் கைப்பணம். பாடல் எடுபடாவிட்டால் இழப்பும் குழுவுக்கே. ஆக, நிறுவனம் பெறும் பெரும்பங்கு, இந்த ஆபத்தை ஏற்பதற்கான விலையாகும். அந்த விலை நியாயமானதா என்பது குழுவின் நிலையைப் பொறுத்தது. அறிமுகமற்ற குழுவின் மீது பணம் போடுவது சூதாட்டத்துக்கு ஒப்பானது. பல்லாயிரம் ரசிகர்களைக் கொண்ட குழுவிடம் அந்த ஆபத்து குறைவு. ஆபத்து குறையும்போது விலையும் குறைய வேண்டும் என்று பேரம் பேசும் வலிமை, பெயர் பெற்ற குழுவுக்கு உண்டு.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

பிளட்டிவுட்டின் முடிவையும் இந்தப் பின்னணியில் பார்க்கலாம். யூடியூப் காணொளிகள் வழியாகப் பெயர் பெற்ற இக்குழு, 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் மேடையேறியது. 2022 பிப்ரவரியில் ‘ரக்ஷக்’ தொகுப்பைச் சொந்தமாக வெளியிட்டது. நிறுவனத்தின் உதவியின்றி உலக மேடைக்குச் செல்ல முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அப்படியிருந்தும் அடுத்த தொகுப்புக்கு அக்குழு நிறுவனத்தைத் தேர்ந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வானொலி, பத்திரிகை, இசைத்தட்டு விற்பனை, விழா ஏற்பாட்டாளர்கள் என ஒவ்வொரு வாயிலையும் தில்லியிலிருந்து தட்டுவதற்குத் தனி அலுவலகமே வேண்டும். இசைப்பவர்களே மேலாளராகவும் கணக்கராகவும் விளம்பரதாரராகவும் இருந்தால், இசைக்கும் நேரம் சுருங்கும். அந்த வேலைகளை ஒப்படைப்பதற்காக நிறுவனத்தை நாடுவது தோல்வியாகாது. புகழை ஈட்டிய பின் செல்லும் குழு, புகழைத் தேடிச் செல்லும் குழுவைவிட நல்ல நிபந்தனைகளைக் கேட்க முடியும்.

மேலைநாட்டு அனுபவங்கள்

இந்த விவாதத்தில் தவறாமல் எடுத்துக்காட்டப்படுவது பிரிட்டனின் ரேடியோஹெட் குழு. இஎம்ஐ நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்த நிலையில், 2007 அக்டோபர் 10 அன்று ‘இன் ரெயின்போஸ்’ தொகுப்பைத் தனது இணையதளத்தில் வெளியிட்டது. விரும்பிய விலையை ரசிகர்களே தீர்மானிக்கலாம் என்றது. உலகெங்கும் தலைப்புச் செய்தியான அந்த முடிவின் அடுத்த கட்டம் பலருக்கு நினைவில்லை. ஓரிரு மாதங்களில் அதே தொகுப்பைக் குறுந்தகடாகக் கடைகளுக்குக் கொண்டுசெல்ல எக்ஸ்எல் ரெகார்டிங்ஸ் என்ற நிறுவனத்துடன் அக்குழு கைகோத்தது. கடைக்கு வந்த தொகுப்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பழைய பாடல்களின் கதை வேறு. முந்தைய ஆறு தொகுப்புகளின் உரிமை இஎம்ஐ வசமே இருந்தது. 2008இல் அந்நிறுவனம் குழுவின் பங்களிப்பின்றியே ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. புதிய பாடல்களில் முழுச் சுதந்திரம் பெற்ற குழுவால், பழைய பாடல்கள் எப்படி விற்கப்பட வேண்டும் என்று முடிவு செய்ய இயலவில்லை.

அமெரிக்காவின் நைன் இன்ச் நெய்ல்ஸ் 2007இல் இன்டர்ஸ்கோப் நிறுவனத்தை விட்டு வெளியேறியது. 2008இல் ‘தி ஸ்லிப்’ தொகுப்பை இலவசமாகவே வழங்கியது. ஆனால் 2013இல் ‘ஹெசிடேஷன் மார்க்ஸ்’ தொகுப்புக்காக மீண்டும் கொலம்பியா என்ற பெருநிறுவனத்திடம் சென்றது. மெட்டாலிகா குழுவோ தன் மூலப்பதிவுகளின் உரிமையைத் தன்வசமாக்கிக்கொண்டு, 2012இல் பிளாக்கன்ட் ரெகார்டிங்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. இம்மூன்று குழுக்களில் நீண்டகால நோக்கில் மிக உறுதியான நிலையில் இருப்பது, மூலப்பதிவுகளைக் கைப்பற்றிய மெட்டாலிகாவே எனலாம்.

சட்டம் தருவதும் தராததும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாடலில் பல உரிமைகள் அடங்கியுள்ளன. வரிகள் பாடலாசிரியருக்கு, மெட்டு இசையமைப்பாளருக்கு, ஒலிப்பதிவு, அதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றவருக்கு. நிறுவனம் பணம் போட்டுத் தயாரித்தால் ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்தையே சேரும்.

2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் படைப்பாளர்களுக்கு முக்கியமான பாதுகாப்பைத் தந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமையை எழுதிக்கொடுத்தாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க இயலாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை அளிக்க முடியும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும்; நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆயினும் ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற வாசகத்தில் கையொப்பம் இட்டுவிட்டால் இந்தக் கடைசிப் பாதுகாப்புகள் பயனளிப்பதில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 2000இல் வெளியான ஒரு பதிவின் உரிமை 2060இன் இறுதிவரை யாரோ ஒருவரிடம் இருக்கும். அந்த ஒருவர் யார் என்பது, முப்பது வயதில் அவசரமாக இடப்பட்ட கையொப்பத்தால் முடிவாகிவிடலாம்.

எனவேதான், உரிமையை விற்காமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் வழங்கும் ஒப்பந்தங்களைப் பெயர் பெற்ற குழுக்கள் நாடுகின்றன. வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. கைக்கு வரும் முன்பணம் சற்றுக் குறையலாம். காலம் முடிந்ததும் பதிவு குழுவிடமே திரும்பிவிடும்.

சுதந்திரத்துக்கும் ஒரு சார்பு உண்டு

தனித்து இயங்குவதை முழு விடுதலை என்று கொள்வதும் பிழையாகும். இன்று சிறு கட்டணத்திலோ சிறு பங்கிலோ பாடல்களை உலகெங்கும் உள்ள தளங்களில் சேர்ப்பிக்கும் சேவைகள் பல உள்ளன. ஆனால் அந்தத் தளங்களின் விதிகளைக் குழு வகுப்பதில்லை. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுகளுக்கு ராயல்டி இல்லை என்ற விதியை ஸ்பாட்டிஃபை 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ரெஸ்ஸோ இந்தியாவில் தன் சேவையை நிறுத்தியது; விங்க் மியூசிக்கை மூடும் முடிவை ஏர்டெல் அறிவித்தது. நிறுவனத்தின் கதவிலிருந்து விலகிய குழு, தளத்தின் கதவில் நிற்கிறது.

குழுவுக்குள் எழும் பூசல்களும் கணக்கில் கொள்ளத்தக்கவை. நிறுவனம் இருந்தால் பங்குகள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். நண்பர்களாகச் சேர்ந்து தனித்து இயங்கும் குழுவில் எல்லாம் வாய்ச்சொல்லாகவே இருப்பது வழக்கம். உறுப்பினர் ஒருவர் விலகும்போதோ மறையும்போதோ, மெட்டு யாருடையது, பெயர் யாருடையது, பழைய பதிவின் வருவாயில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் ஒன்றாக எழும். தனித்து இயங்க முடிவெடுக்கும் குழு முதலில் எழுத வேண்டியது தங்களுக்குள்ளான ஒப்பந்தமே.

மேடை ஓய்ந்த பின்

பாடலை இலவசமாகக் கொடுத்து மேடையில் ஈட்டலாம் என்ற கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. மேடை வருவாய் உடலையும் காலத்தையும் நம்பியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நாடெங்கும் மேடைகள் ஒரே நாளில் இருண்டன. அப்போது இசைக்கலைஞர்களிடம் எஞ்சியவை அவர்களது பதிவுகளே. அவற்றின் உரிமை கைவசம் இருந்தவர்களுக்குச் சிறு தொகையேனும் வந்துகொண்டிருந்தது.

இந்தியன் ஓஷனுக்கு அந்தப் பாடம் முன்னதாகவே, வேறு வடிவில் வந்தது. அக்குழுவின் தபேலாக் கலைஞரும் பாடகருமான அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் குரல் ஒலிக்கும் ‘16/330 கஜூர் ரோடு’ பாடல்கள், அவர் மறைந்து ஏழு மாதங்களுக்குப் பிறகே மக்களைச் சென்றடையத் தொடங்கின. அவர் இனி மேடையேற முடியாது. ஆனால் அந்தப் பதிவுகளின் சட்டபூர்வ ஆயுள் 2070 வரை நீள்கிறது.

அடுத்த தொகுப்புக்கு நிறுவனமா, சுதந்திரமா என்று இன்று ஆலோசிக்கும் குழுக்கள் இந்தக் கால அளவை மனத்தில் கொள்வது நல்லது. பணமும் ஆள்பலமும் விநியோகமும் தேவைப்பட்டால் நிறுவனத்தை நாடலாம். தேவைப்படாவிட்டால் தனித்தே இயங்கலாம். எந்த வழியில் சென்றாலும், எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பதிவு தங்களிடம் திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் குழுவே, தன் உறுப்பினர்களின் முதுமைக்கும் அவர்களது குடும்பத்துக்கும் எதையேனும் விட்டுச்செல்லும்.