30 நாள் கணக்கு

குமரி மாவட்டத்தில் வயிற்றைக் கீறாமலே வயிற்று நோய் தீர்க்கும் காலம் வந்து வெகு நாளாகிவிட்டது. பித்தக் குழாயில் கல் அடைத்து, கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சலோடு வருகிறவருக்கு வாய்வழியே எண்டோஸ்கோப் செலுத்தி, பித்தக் குழாயின் வாயைச் சற்றே வெட்டித் திறந்து கல்லை எடுத்துவிடுகிறார்கள். கல்லீரல் சுருங்கியதால் உணவுக்குழாயில் ரத்தநாளம் வெடித்து ரத்த வாந்தி எடுப்பவருக்கு, வெடித்த இடத்தில் ரப்பர் வளையம் மாட்டி ரத்தத்தை நிறுத்துகிறார்கள். குளச்சல் பக்கத்தில் தொண்டைக்குக் கீழே மீன்முள் சிக்கியவருக்கும், குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட் உள்ளே போய் உணவுக்குழாய் சுருங்கியவருக்கும் இதே வழிதான். இவற்றில் பல ஒரு தலைமுறைக்கு முன்பு பெரிய ஆபரேஷன்கள். சில, ஆபரேஷன் வரைகூடப் போகாத மரணங்கள்.

இந்த நன்மையை நாம் முழு மனதோடு ஏற்கிறோம். ஏற்பதால்தான் ஒன்றைக் கேட்கிறோம். எண்டோஸ்கோப்பி சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும் எழுதி, மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி மார்த்தாண்டத்துத் தனியார் மருத்துவமனைகள் வரை யாருக்கும் இதில் விலக்குக் கூடாது. இன்று அப்படியொரு கட்டாயம் நம் மாநிலத்தில் இல்லை.

வயிற்றுவலி என்று போனவருக்கு உள்ளே பார்ப்பதற்காக மட்டும் விடப்படும் சுண்டுவிரல் பருமன் குழாயில் ஆபத்து மிகக் குறைவு. பெரிய சிக்கல் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வந்தாலும் அதில் பெரும்பங்கு, மயக்க மருந்தினால் மூச்சு தளர்வதும் ஆக்ஸிஜன் இறங்குவதும்தான். விரலில் மாட்டிய கருவியை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் சமாளித்துவிடலாம். சிகிச்சைக்காக விடும் குழாய் அப்படியல்ல. பித்தக் குழாய்க்கும் கணையக் குழாய்க்கும் செய்கிற ஈ.ஆர்.சி.பி.யை எடுத்துக்கொள்வோம். உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொண்ட 100 பேரில் 3 முதல் 10 பேர் வரை கணைய அழற்சிக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோருக்குச் சில நாளில் அடங்கிவிடும், சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடக்க நேரும், மிக அரிதாக ஒருவர் பிழைப்பதில்லை. குடல் துளைபடுவதும் ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் இதற்கு மேல். இந்த எண்களைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடும் நோயாளி நம் மாவட்டத்தில் எத்தனை பேர்?

அந்தக் கணைய அழற்சியைக் குறைக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதசின் மருந்தை, ஆபத்து அதிகமுள்ள 602 நோயாளிகளிடம் அமெரிக்காவில் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெறாதவர்களில் 16.9 சதவீதம் பேருக்கு வந்த அழற்சி, பெற்றவர்களில் 9.2 சதவீதமாகக் குறைந்தது. டைக்ளோஃபினாக்கும் இதே வேலையைச் செய்யும். பல ஆயிரம் ரூபாய் செலவாகும் சிகிச்சையில் சில பத்து ரூபாய் மருந்து. ஒத்துக்கொள்ளாதவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் இதைக் கொடுத்தார்களா, ஒருவருக்கு விட்டுப்போனதா என்பதைக் கணக்கு எழுதினால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அது ஏன் 30 நாள்? குடலில் எண்டோஸ்கோப் வழியே கட்டியை அறுத்த இடத்தில் ரத்தம் கசிவது அன்றே நடக்க வேண்டும் என்பதில்லை; ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் நடக்கும். நாகர்கோவிலில் சிகிச்சை முடித்து அருமனைக்குத் திரும்பியவருக்கு மூன்றாம் நாள் ராத்திரி வயிறு வலித்தால், பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிலைமை மோசமானால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு. முதல் மருத்துவமனையின் கோப்பில் அவர் 'நலமாக வீடு திரும்பியவர்'. மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கே செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் தன் கையால் நடந்த சிகிச்சையின் முடிவு தெரியாத மருத்துவர் எதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வார்? 30ஆம் நாள் ஒரு செவிலியர் ஒரு போன் செய்தால் போதும்.

இந்த மண்ணுக்குப் பழகிய நோய் ஒன்று இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. கணையத்தில் கல் விழுந்து, தீராத வயிற்றுவலியும் பிறகு சர்க்கரை நோயும் வரும் வெப்பமண்டலக் கணைய நோய், மது தொடாதவர்களையும் இளைஞர்களையும் பிடிக்கிறது. கேரளத்தில் இது அதிகம் காணப்படுவதை மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நமக்கும் அது அயல் நோயல்ல. மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் பரவிய மரச்சீனிக் கிழங்கின் மேல் வெகு காலம் பழி கிடந்தது, அது நிரூபணமாகவில்லை. ஸ்பிங்க்-1 என்ற மரபணு மாற்றத்துக்குப் பங்கு உண்டு என்று பின்னால் தெரிந்தது. இந்தக் கல்லை உடைத்து எடுக்கவும் கணையக் குழாயில் ஸ்டென்ட் வைக்கவும் எண்டோஸ்கோப்பி பயன்படுகிறது. அறுக்காமல் முடிகிறது என்றால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் நெதர்லாந்தில் கணையக் குழாய் அடைபட்ட 39 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டபோது, எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் 32 சதவீதம் பேருக்கே வலி முழுதாகவோ ஓரளவோ தீர்ந்திருந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 75 சதவீதம். அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வும் 2020இல் அறுவையின் பக்கமே சாய்ந்தது. ஸ்டென்டை மாற்ற மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிற கூலித் தொழிலாளிக்கு, கத்தி படாத சிகிச்சை எப்போதும் சின்னச் சிகிச்சை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

கைப்பழக்கம் இன்னொரு விஷயம். ஈ.ஆர்.சி.பி. செய்யும் மருத்துவர் ஆண்டுக்குக் குறைந்தது 75 பேருக்காவது செய்திருக்க வேண்டும் என்று பிரிட்டனின் குடல்நோய் மருத்துவர் சங்கம் வரையறுத்திருக்கிறது. கை பழகப் பழகச் சிக்கல் குறைகிறது. அதனால் எல்லா ஊரிலும் ஒரு எந்திரம் வாங்கி வைப்பது சேவையாகாது. மாவட்டத்தில் ஒன்றிரண்டு இடங்களில் நிறையச் செய்து, அந்த இடங்களை 24 மணி நேரமும் ஆளோடு இயங்கவைப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு. ரத்த வாந்தியோடு ஞாயிற்றுக்கிழமை இரவு வருகிறவருக்குத் திங்கள் காலை வரை காத்திருக்கும் அவகாசம் இல்லை.

இனிச் சுத்தம். நோயாளிக்குக் கண்ணில் படாத வேலை இது. ஆனால் எண்டோஸ்கோப்பி அறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெளியே எடுத்த உடனே குழாயைத் துடைத்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு துவாரத்திலும் என்சைம் கலந்த நீரை உறிஞ்சி, கசிவு இருக்கிறதா என்று சோதித்து, பிரஷை ஒரு முனையில் விட்டு மறு முனையில் எடுத்து, கிருமிநாசினிக் கரைசலில் குறித்த நிமிடம் முழுக்க ஊறவைத்து, அலசி, காற்றடித்துக் காயவைத்துத் தொங்கவிட வேண்டும். ஈர வராந்தாவில் இருபது பேர் பட்டினியோடு காத்திருக்கும்போது இந்த நிமிடங்கள்தான் முதலில் சுருங்கும். ஈ.ஆர்.சி.பி. குழாயின் நுனியில் ஒரு சின்ன மடல் உண்டு. அதன் பின்புறம் பிரஷ் எளிதில் எட்டாது. 2015இல் லாஸ் ஏஞ்சலீஸின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே அந்த மடலில் தங்கிய கிருமி 7 பேருக்குத் தொற்றி, இருவர் இறந்தார்கள்; எந்த மருந்துக்கும் எளிதில் அசையாத கிருமி அது. 179 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று அந்த மருத்துவமனையே கண்டுபிடித்து அறிவித்தது. எந்தக் குழாய் எந்த நாளில் எந்த நோயாளிக்கு என்று எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நம் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் 179 பெயர்களைத் தேடி எடுக்க முடியுமா?

கணக்கு எழுதுவதால் என்ன மாறும் என்பவர்களுக்குப் பிரிட்டன் பதில் தருகிறது. அங்கே 9,223 பெருங்குடல் எண்டோஸ்கோப்பிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். குழாய் பெருங்குடலின் கடைசி வரை போனதாக மருத்துவர்கள் சொன்னது 76.9 சதவீதம், கடுமையாகச் சரிபார்த்தபோது அது 56.9. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடலின் ஒரு பகுதி பார்க்கப்படவே இல்லை. நாட்டுக்கே அவமானமான அந்த எண்ணை அவர்கள் ஒளிக்கவில்லை. பயிற்சி மாறியது, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வந்தது. பத்தாண்டுக்குள் மறுபடி எண்ணினார்கள்: 92.3 சதவீதம். குடல் துளைபடுவதும் வெகுவாகக் குறைந்திருந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நெய்யூருக்குப் போனால் போதும். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், மலையை விட்டுவிட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கத்தி பிடித்தார். தென் திருவிதாங்கூரில் குடற்புண் இல்லாத ஊர் இல்லை என்ற நிலை. அவர் அறுத்ததோடு நிற்கவில்லை. தாம் அறுத்தவர்களுக்கு என்ன ஆனது என்பதை எழுதி, 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் உலகத்தின் முன் வைத்தார். 1948இல் இரைப்பை அறுவை பற்றிப் புத்தகமே போட்டார். அந்தப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கிருமி என்று பின்னால் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இரண்டு வார மாத்திரையில் அது ஆறுகிறது. ஆனால் தன் நோயாளியின் கதியைப் பின்தொடர்ந்து எழுதும் பழக்கம் இந்த மாவட்டத்தின் மருத்துவத்துக்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே இருந்தது. கணினியும் கைபேசியும் வந்த பிறகு அதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மருத்துவர்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. எண்கள் வெளியானால், சிகிச்சை தோற்கக்கூடிய நோயாளிகளைத் தொடவே மருத்துவர்கள் பயப்படுவார்கள்; ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்கும் கூட்டத்துக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்கிறார்கள். நியாயமான அச்சம். அதனால் மருத்துவர் பெயரில் கணக்கு வேண்டாம், மருத்துவமனை பெயரில் போதும். எத்தனை பேர் அவசர நிலையில் வந்தார்கள், எத்தனை பேருக்கு ஏற்கெனவே கல்லீரலோ சிறுநீரகமோ பழுதாகியிருந்தது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கடினமான நோயாளிகளை ஏற்கும் ஆசாரிப்பள்ளத்தின் எண், எளிய நோயாளிகளை மட்டும் எடுக்கும் இடத்தின் எண்ணைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதை மக்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நினைப்பது, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலாவதாக நின்ற மாவட்டத்தை அவமதிப்பது.

கையெழுத்து வாங்கும் தாளும் மாற வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில், மயக்க ஊசிக்குக் கை நீட்டியபடியே வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. படிவம் தமிழில் வேண்டும். விளவங்கோடு பகுதிக்கு மலையாளத்திலும் வேண்டும். வரக்கூடிய சிக்கல்கள் எண்ணோடு அதில் இருக்க வேண்டும்; முந்தின நாளே நோயாளி கையில் கொடுக்க வேண்டும்.

இதற்கான பிடி அரசின் கையில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மக்கள் பணம் போகிறது. பணம் கொடுப்பவர் பலன் கேட்பதில் தவறென்ன? எண்டோஸ்கோப்பி சிகிச்சைக்கான தொகையில் ஒரு சிறு பங்கை நிறுத்தி வைத்து, 30ஆம் நாள் விவரம் பதிவான பிறகு விடுவிக்கலாம். திட்டத்தில் சேராத மருத்துவமனைகளும் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட இணை இயக்குநரிடம் பதிவு பெற்றே இயங்குகின்றன; அந்தப் பதிவோடு இந்தக் கணக்கையும் கேட்க விதி செய்ய வேண்டும். விதி வரும்வரை ஆசாரிப்பள்ளம் காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேர் மறுபடி சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேருக்குக் கணைய அழற்சி, ரத்தக்கசிவு, துளை, எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒரே ஒரு பக்கம். மாதாமாதம் புறநோயாளிப் பிரிவின் வாசலில் ஒட்டுவதற்கு மருத்துவக் கல்லூரி முதல்வரின் உத்தரவு ஒன்று போதும். அந்த உத்தரவை அவர் இந்த மாதமே போட வேண்டும்.